மாணிக்கவாசகம் இலை பார்த்த வரலாறு

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இலைகள் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை உதிர்வதை நேரில் கண்டு வருவதற்கென்றே, மேலதிகாரியின் முன் அனுமதியுடன், ஒரு நாள் தற்செயல் விடுப்பில், தன்னந்தனியாக இமயமலைக்குப் புறப்பட்ட முதல் மத்திய அரசு ஊழியர் என்ற பெருமை, டில்லி லக்ஷ்மிபாய் நகர்வாசியும் 'கோணி, சாக்கு மற்றும் பொட்டலப் பொருள்கள் இயக்குநரகத்தின்' செக்ஷன் ஆபீசருமான திரு. மாணிக்கவாசகம் அவர்களையே சாரும். சரித்திர ஆசிரியர்கள் இதை இன்னும் எழுதவில்லை. அவர்களுக்கு ராஜாக்களைப் பற்றி எழுதவே நேரம் போதவில்லை.

சம்பவம் நடந்தது எழுபத்தாறாம் வருஷம் அக்டோபரில். அது மிக ஒழுக்கமான வருஷம். எமர்ஜென்சி அமலில் இருந்தது. ரயில்கள் நேரத்துக்கு வந்தன. குமாஸ்தாக்கள் ரயில்களுக்கும் முன்னால் வந்தார்கள். 'பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு' என்று ஊரெங்கும் இந்தியில் எழுதிப் போட்டிருந்தார்கள். இந்த அறிவுரையின் முதல் பாதியை டில்லி மக்கள் உடனடியாகக் கடைப்பிடித்தார்கள். இரண்டாம் பாதி பரிசீலனையில் இருந்தது.

இயக்குநரகத்தின் தலைவர் ராஜாராமன், தஞ்சாவூர்க்காரர். முந்தின வருஷக் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், சாக்கு மூட்டைகளின் எதிர்காலம் குறித்துப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். சாக்கு மூட்டைக்கு எதிர்காலம் கிடையாது என்று அங்கே முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்களாம். ஆகவே மனிதர் மிச்சமிருந்த நாட்களில் இலைகளைப் பார்த்தார். சிவப்பு இலை, மஞ்சள் இலை, பாதி சிவந்து பாதி யோசித்துக்கொண்டிருக்கும் இலை. எல்லாவற்றையும் படம் பிடித்து, ஸ்லைடுகளாக்கி, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்.

பண்டாரா ரோட்டில் அவர் வீட்டுக் கூடத்தில், மயில்கண் வேஷ்டி ஒன்றைச் சுவரில் கட்டி, அதன்மேல் இலைகளைக் காட்டினார். அலுவலகமே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து பார்த்தது. போண்டாவும் காப்பியும் உண்டு. ஒரு ஸ்லைடு தலைகீழாக விழுந்தது. மரங்கள் வானத்திலிருந்து தொங்கின. அறையிலிருந்த அத்தனை பேரும் அதைக் கவனித்தார்கள். "என்ன ஒரு ஆழம் சார்!" என்று முதலில் வாய் திறந்தவர் மாணிக்கவாசகம். "ஆழம்தான்" என்று மற்றவர்கள் ஏகமனதாக ஆமோதித்தார்கள். படம் தலைகீழாகவே சற்று நேரம் ரசிக்கப்பட்டது.

விளக்கைப் போட்டபின் ராஜாராமன் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"நம்ம ஜனங்களுக்கு இலைன்னா சாப்பிடற இலைதான் தெரியும். அதையும் தூக்கிக் கடாசிட்டுப் போயிண்டே இருப்பா. அங்கே பாருங்கோ, ஒரு மனுஷன் தனியாக் காரை எடுத்துண்டு மலைக்குப் போறான். நாள் பூரா இலையைப் பார்க்கறான். திரும்பி வரான். அவ்வளவுதான். அதுதான் நாகரிகம். கூட்டமாப் போனா அது பிக்னிக். தனியாப் போனாத்தான் அனுபவம்."

இதுவரை சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்ததாக அவர் சொன்னதை எல்லோரும் மனத்தில் எழுதிக்கொண்டார்கள்.

"நவம்பர்ல அடுத்த ஆளை அமெரிக்காவுக்கு அனுப்பணும். ஆறு மாசம். இந்த மாதிரி ரசனை இருக்கறவனைத்தான் அனுப்பறதா உத்தேசம்."

அமெரிக்காவுக்கு அனுப்பத் தகுந்த செக்ஷன் ஆபீசர்கள் இருவர். ஒருவர் மாணிக்கவாசகம். மற்றவர், லக்ஷ்மிபாய் நகரில் அவருக்கு நேர் மாடி வீட்டில் குடியிருந்த வைத்தி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பஸ்ஸில் போய் வருபவர்கள், ஒருவர் சௌக்கியத்தை ஒருவர் தினமும் விசாரித்துக் கவலைப்படுபவர்கள்.

வைத்தி முந்திக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவி, மூன்று குழந்தைகள், மைத்துனன், தயிர்சாதம் சகிதம் புத்த ஜயந்திப் பூங்காவுக்குப் போய் இலைகளைப் பார்த்துவிட்டு வந்து, திங்கட்கிழமை காலையில் இயக்குநரிடம் தகவலும் சொன்னார். ராஜாராமன் சிரித்தார். அக்டோபரில் டில்லியில் இலை உதிராது என்பது ஒரு குறை. குடும்பத்துடன் பார்த்த இலை கணக்கில் சேராது என்பது பெரிய குறை.

மாணிக்கவாசகம் அவசரப்படவில்லை. விசாரித்தார். கால்காவிலிருந்து மலைபஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் தேவ்சரி என்றொரு சின்ன ஊர், அதைச் சுற்றி அக்ரோட் என்கிற வால்நட் மரங்களும் மேப்பிள் மரங்களும் நெருப்புப் பிடித்தாற்போல் நிற்கும், பார்த்துவிட்டு அன்றைக்கே இறங்கிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். உடனே ஊரைவிட்டு வெளியே செல்ல அனுமதி கோரி விண்ணப்பம் கொடுத்தார். 'காரணம்' என்ற இடத்தில் 'இலை பார்த்தல்' என்று எழுதினார். இயக்குநர் அந்த இரண்டு வார்த்தைகளையும் இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து வந்து கை குலுக்கினார்.

வீட்டில் கை குலுக்க யாரும் எழுந்து வரவில்லை.

"தனியாவா?" என்றாள் பூங்கோதை. அம்பாசமுத்திரத்துக்காரி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இமயமலைக்குத் தனியாப் போறவங்க ரெண்டே வகைதான். ஒண்ணு சாமியாராப் போறவங்க. இன்னொண்ணு பொண்டாட்டிக்குப் பயந்து ஓடுதவங்க. நீங்க என்ன வகை, அதச் சொல்லிட்டுப் போங்க."

"ஏளா, இது மூணாவது வகை. ஆபீஸ் வகை."

"எல போட்டுச் சாப்பிடத்தான் போவாக. எலயப் பாத்துட்டு வாரதுக்கா பஸ்ஸுக்கு காசு குடுத்துப் போறிய? நம்ம வாசல்ல வேப்பமரம் நிக்கி. நாற்காலியப் போட்டுத் தாரேன். நாள் பூரா பாருங்க."

"அமெரிக்கா போணும்னா பாக்கணும்ளா."

பூங்கோதைக்கு இது புரிந்தது. அமெரிக்கா என்றால் ஆறு மாதப் படி, படியென்றால் ஊரில் பாதியில் நிற்கிற வீடு. இரவோடிரவாகப் புளியோதரை கிளறிக் கட்டிக் கொடுத்தாள். ஒரு கை மட்டும் பின்னி முடித்திருந்த ஸ்வெட்டரையும் மறுகையை முடித்துப் போட்டுவிட்டாள். இரண்டு கைகளும் ஒரே நீளமில்லை. அவசரத்துக்கு அது போதும்.

மாடியிலிருந்து வைத்தி எட்டிப் பார்த்தார். "என்ன ஓய், ஆத்துல சண்டையா? தனியாக் கெளம்பறீராமே?"

"சண்டை இல்ல. இலை."

"அடேயப்பா. இலைக்கா? போயிட்டு வாரும். வரச்சே ஆப்பிள் கிடைச்சா நம்மாத்துக்கு ஒரு பெட்டி."

இப்படியாக, இருபத்தொன்பதாம் தேதி காலை, கால்காவில் பனி விலகும் நேரத்தில், மாணிக்கவாசகம் மலைபஸ்ஸில் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தார்.

இங்கே ஓர் எதிர்பாராத கோளாறு நிகழ்ந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அமெரிக்காவுக்காகக் கிளம்பிய மனிதர் அவர். சந்தோஷம் திட்டத்தில் இல்லை. ஆனால் பஸ் வளைந்து வளைந்து ஏறவும், கீழே பள்ளத்தாக்கு திறந்துகொள்ளவும், முகத்தில் சில்லென்று காற்று அடிக்கவும், திடீரென்று ஓர் உண்மை அவருக்கு உறைத்தது. கல்யாணமானதிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட அவர் தனியாக இருந்ததில்லை. வீட்டில் குடும்பம், பஸ்ஸில் வைத்தி, ஆபீசில் ஃபைல். இன்று யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. எதற்கும் 'எஸ் சார்' சொல்ல வேண்டாம். மனிதர் மெல்லச் சீட்டியடித்துப் பார்த்தார். சீட்டி வந்தது.

பக்கத்தில் மடியில் முள்ளங்கிக் கட்டோடு உட்கார்ந்திருந்த மலைநாட்டு அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அகேலே?" என்று கேட்டாள், தனியாகவா என்ற அர்த்தத்தில்.

"ஹாங் ஜி. அகேலே" என்றார், ஏதோ பட்டம் வாங்கியவரைப் போல.

"பீவி? பச்சே?" மனைவி, குழந்தைகள் எங்கே என்கிறாள்.

"தில்லியில்."

"ஜகடா?" என்றாள் அனுதாபத்தோடு. சண்டையா என்று கேட்கிறாள். சண்டை இல்லை, இலை பார்க்கப் போகிறேன் என்று மாணிக்கவாசகம் தமக்குத் தெரிந்த சர்க்கார் இந்தியில் விளக்கினார். அம்மாள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு ஒரு முள்ளங்கியை உருவி அவர் கையில் கொடுத்தாள். மனநிலை சரியில்லாதவர்களிடம் அந்தப் பக்கத்து மக்கள் மிகப் பிரியமாக நடந்துகொள்வார்கள்.

பைன் மரங்கள் வந்தன. அவை பச்சையாகவே நின்றன. கண்டக்டர், "மேலே, மேலே, தேவ்சரிதான் லாலோலால்" என்று கையை உயர்த்திக் காட்டினான். சிவப்பாம், ஒரே சிவப்பாம். மாணிக்கவாசகத்தின் மனம் குழந்தை மாதிரி அடித்துக்கொண்டது. அமெரிக்கா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தூரத்தில் மலை முகட்டின் மேல் வெண்மையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. பனிமூட்டம் என்று நினைத்து அதையும் ரசித்தார். அது புகை.

தேவ்சரியில் பஸ் நின்றதும் இரண்டு பேர் ஏறி அவர் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கீழே ஒரு ஜீப், சாமந்தி மாலை, வரிசையாக நாலைந்து கோட்டுகள். நடுவிலிருந்த இளைஞர் முன்னால் வந்து மாலையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க தமிழா? ஐயோ, பேரு மாணிக்கவாசகம்டு சொன்னப்பவே நெனச்சேன் சார்! நான் பாலசுப்ரமணியம். மதுரை. இங்கன ரோட்டு எஞ்சினியரா இருக்கேன் சார். தமிழ் பேசி ரெண்டு வருசமாச்சு!"

மாணிக்கவாசகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க எப்படி... நான் சும்மா, தனியா..."

"டில்லியில இருந்து உங்க டைரக்டர் ஆபீசு ட்ரங்க் கால் போட்டுச்சுல சார், எங்க தலைமை ஆபீசுக்கு."

ராஜாராமன் நல்ல மனிதர். தம் ஆள் தனியாகப் போகிறானே, சிரமப்படக்கூடாது என்று, 'எங்கள் அதிகாரி உங்கள் சாலையில் இலைகளைப் பார்க்க வருகிறார், ஆவன செய்க' என்று பி.ஏ.வை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறார். தலைமை ஆபீசில் கூடிப் பேசினார்கள். இது எமர்ஜென்சி. ரோட்டில் கிடக்கும் இலையைப் பார்க்க டில்லியிலிருந்து ஓர் அதிகாரி நாலு மணி நேரம் மலையேறி வருவானேன்? அழகாயிருக்கிறது என்பதற்காக வருகிறார் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், அவர் மண்டையைப் பரிசோதிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருப்பார்கள். ஆகவே இலையைப் பற்றி டில்லிக்கு ஏதோ புகார் போயிருக்கிறது என்று ஏகமனதாக முடிவாயிற்று. தலைமை ஆபீஸ் ஜில்லா ஆபீசை உலுக்கியது. ஜில்லா ஆபீஸ் பாலசுப்ரமணியத்தை உலுக்கியது. பாலசுப்ரமணியம் மரங்களை உலுக்கினார்.

"வாங்க சார். வந்து பாருங்க. அஞ்சு மைலுக்கு ஒரு எல கெடையாது சார்!"

ஜீப் புறப்பட்டது. மாணிக்கவாசகம் பார்த்தார். சாலையின் இருபுறமும் மரங்கள் மொட்டையாக நின்றன. அடிமரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு பூசி, மேலே காவிப் பட்டை தீட்டியிருந்தார்கள். சாலையோரக் கற்களுக்கும் சுண்ணாம்பு. தரையில் ஒரு சருகு கிடையாது. கூட்டிய துடைப்பத்தின் வரிகள்கூட நேர்நேராக இருந்தன. சரிவில் நாலைந்து இடங்களில் இலைக் குவியல்கள் எரிந்துகொண்டிருந்தன.

"மூணு நாளா நாப்பது ஆளு சார். விழுந்தத கூட்டுனா மறுநா மறுபடி விழுகுது. இதென்னடா வம்பாப் போச்சுண்டு, விழுகப் போறதையும் சேத்து மூங்கில் கம்பால உதுத்து விட்டுட்டோம். புகாருக்கு இடமே வைக்கக் கூடாதுல?"

"நான் வந்தது..." என்று மாணிக்கவாசகம் தொடங்கினார்.

"சொல்லுங்க சார்."

சொல்லியிருப்பார். ஆனால் அவர் இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர். வாக்கியம் வாயிலிருந்து புறப்படுமுன் அது எங்கெங்கே போய் முட்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். நான் இலையைப் பார்த்து ரசிக்க வந்தேன் என்று சொன்னால், நீங்கள் செய்தது தப்பு என்று ஆகும். நீங்கள் செய்தது தப்பென்றால், உங்களுக்கு வந்த தகவல் தெளிவாக இல்லை என்று ஆகும். தகவல் தெளிவாக இல்லை என்றால், அதைக் கொடுத்தவர் டைரக்டர். டைரக்டர் ஒன்றைத் தெளிவில்லாமல் சொன்னார் என்ற வாக்கியத்தில் தம் பெயர் இருப்பதை, நவம்பர் நெருங்கும் வேளையில், அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"...ரொம்ப நல்லா இருக்கு" என்று முடித்தார்.

பாலசுப்ரமணியத்தின் முகம் மலர்ந்தது. "நீங்க டில்லியில ஒரு வார்த்த சொல்லணும் சார். வீட்டுல மதுரையில இருக்காங்க. குளிர் ஒத்துக்காதுண்டு வரவே மாட்டேங்குறாங்க. டில்லிக்கு மாத்திட்டா புண்ணியமாப் போகும்."

பயணியர் விடுதியில் மத்தியானச் சாப்பாடு. பாலசுப்ரமணியமே நின்று பரிமாறினார். "வாழெல மண்டியில இருந்து வரவழைக்கலாம்டுதான் இருந்தேன். பெறகு, வந்தவருக்கு எல கண்ணுலயே படக்கூடாதுண்டு பீங்கான்ல போடச் சொல்லிட்டேன். சாம்பார்ல கொத்தமல்லி போடல. ரசத்துல கறிவேப்பில போடல. கவனிச்சீங்களா சார்?"

"கவனிச்சேன்" என்றார் மாணிக்கவாசகம். ரசம் வெந்நீராக இருந்தது. பூங்கோதையின் புளியோதரை பையில் இருந்தது. அதில் கறிவேப்பிலை உண்டு. மரியாதை கருதி அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு, மாலை பஸ்ஸில் ஏற்றிவிடுவதற்காக ஜீப் அவரைச் சுமந்துகொண்டு கீழே இறங்கியது. ஒரு வளைவில் எஞ்சின் சூடாகிவிட்டது. டிரைவர் தண்ணீர் பிடிக்கப் போனான். பாலசுப்ரமணியம் அவனைத் துரத்திக்கொண்டு, "பையா, ஜல்தி, ஜல்தி!" என்று கத்தியபடி போனார். நாள் முழுவதிலும் முதல் தடவையாக, மாணிக்கவாசகம் தனியாக நின்றார்.

சாலையோரக் கைப்பிடிச் சுவரிடம் போய்க் கீழே பார்த்தார். அங்கே நின்றது அந்த மரம்.

சாலையிலிருந்து பத்தடி பள்ளத்தில் நின்றதால் கம்புக்கு எட்டாமல் தப்பியிருக்கிறது. மேப்பிள் என்று பிறகு சொன்னார்கள். பெயர் எதுவானால் என்ன? மரம் முழுக்கச் சிவப்பு. உச்சியில் குங்குமம், நடுவில் பழுத்த மிளகாய், அடியில் மஞ்சள். சாய்வெயில் பின்னாலிருந்து விழுந்தது. ஒவ்வோர் இலைக்குள்ளும் யாரோ விளக்கேற்றி வைத்திருந்தார்கள். காற்றில் ஓர் இலை கழன்று, அவசரமே இல்லாமல், இப்படியும் அப்படியும் யோசித்துக்கொண்டே இறங்கி, புல்லில் போய் உட்கார்ந்தது.

மாணிக்கவாசகம் கண் கொட்டாமல் பார்த்தார். இதில் கேலி ஒன்றுமில்லை. அந்த மனிதர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். வேஷ்டியில் காட்டிய படங்கள் இதன் கால்தூசி பெறாது. பூங்கோதையையும் கூட்டி வந்திருக்க வேண்டும், இதைப் பார்த்திருந்தால் அவள் வேப்பமரத்தைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைத்தார். கண்ணில் நீர் நிறைந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

பாலசுப்ரமணியம் திரும்பி வந்தார். டில்லி அதிகாரி கண் கலங்கி எதையோ வெறித்துப் பார்ப்பதைக் கண்டார். எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"சார், சார், மன்னிச்சுருங்க சார். இது எப்படி விட்டுப் போச்சுண்டு தெரியல. அந்த மேஸ்திரிப் பய பாத்துட்டேன்டு சொன்னானே! ஏ ராம்தீன்! ஆத்மி லாவ்! ஜல்தி!"

மேலே எங்கோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எட்டுப் பேர் கம்புகளோடு ஓடி வந்தார்கள். இருவர் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். ஒருவன் மரத்தில் கால் வைத்துவிட்டான்.

பாலசுப்ரமணியத்துக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். திரும்பி மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார்.

"சார்," என்றார் தயங்கி, "நல்லாத்தேன் இருக்கு, இல்ல சார்? வேணும்னா விட்டுறவா? நீங்க என்ன சொல்றீகளோ, அதேன்."

எட்டுப் பேரும் மாணிக்கவாசகத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரத்தின்மேல் இருந்தவனும் பார்த்தான். இருபது வருஷத்தில் அவரிடம் முடிவு கேட்டு இத்தனை பேர் நின்றதில்லை. 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சின்னச் சொல். குழந்தைகள்கூட இரண்டு வயதில் கற்றுக்கொண்டுவிடுகின்றன.

அவர் வாயைத் திறந்தார். விட்டுவிடச் சொன்னால், ஏன் இதை மட்டும் என்ற கேள்வி வரும். ஏன் என்று சொன்னால், மற்றவற்றை ஏன் உதிர்த்தோம் என்ற கேள்வி வரும். அது மேலே போகும். மேலே என்றால் மேலே. வாயை மூடினார். பிறகு மறுபடி திறந்தபோது, யாரும் கூப்பிடாமலே, இருபது வருஷமாக ஒவ்வொரு ஃபைலின் அடியிலும் எழுதி எழுதிப் பழகிய வாக்கியம் தானாகவே வெளியே வந்தது.

"உரிய நடவடிக்கை எடுங்க."

எடுத்தார்கள். எட்டுக் கம்புகள். இலைகள் முதலில் கொத்துக் கொத்தாகவும் பிறகு உதிரி உதிரியாகவும் விழுந்தன. மஞ்சளும் சிவப்புமாகப் பள்ளம் நிறைந்தது. மாணிக்கவாசகம் நகராமல் நின்று பார்த்தார். உச்சியில் ஒரே ஓர் இலை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தின்மேல் இருந்தவன் கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான். அதுவும் வந்துவிட்டது. உடனே சுண்ணாம்பு வாளி இறக்கப்பட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ராஜாராமன் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாற்காலியில் உட்காரச் சொன்னதே ஒரு முன்னேற்றம்.

"என்ன மாணிக்கம், இலை உதிர்ந்ததைப் பார்த்தீரா?"

"பார்த்தேன் சார். கடைசி இலை விழற வரைக்கும் நின்னு பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

"அழுகை வந்துட்டுது சார்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தாம் அமெரிக்காவில் பார்த்தபோது தமக்குக்கூட அழுகை வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பாலசுப்ரமணியத்தின் மாற்றல் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாணிக்கவாசகத்துக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அது கேட்கப்படாத கேள்வி. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை.

நவம்பரில் உத்தரவு வந்தது. மாணிக்கவாசகம் அமெரிக்கா போகிறார். லக்ஷ்மிபாய் நகரில் வீடு வீடாக லட்டு போயிற்று. வைத்தி இறங்கி வந்து கட்டிக்கொண்டு வாழ்த்திவிட்டு, லட்டில் ஏலக்காய் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம், எல்லோரும் போனபிறகு, பூங்கோதை கேட்டாள். "எல பாக்கப் போனியளே, எப்படி இருந்துதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

மாணிக்கவாசகம் அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் சீட்டியடித்ததிலிருந்து உச்சி இலை வரைக்கும். மரத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. பூங்கோதை கையில் பாதி லட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த எஞ்சினியரு புள்ள உங்ககிட்ட வாய்விட்டுல்லா கேட்டிருக்கு. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மரம் நின்னிருக்குமே?"

"நின்னிருக்கும்ளா. ஆனா அமெரிக்காவுக்கு வைத்தி போயிருப்பான்."

பூங்கோதை பாதி லட்டைப் பெட்டியிலேயே போட்டு மூடிவிட்டு உள்ளே போனாள்.

அவள் ஒரு பெண்பிள்ளை, ஆபீஸ் நடைமுறை அறியாதவள். மாணிக்கவாசகம் செய்ததில் என்ன குற்றம்? அவர் எந்த மரத்திலும் ஏறவில்லை. எந்தக் கம்பையும் தொடவில்லை. அந்த வருஷம் இந்தத் தேசத்தில் எத்தனையோ காரியங்கள் கனகச்சிதமாக நடந்து முடிந்தன என்றால், அதற்குக் காரணம் கம்பு பிடித்தவர்கள் அல்ல. அவர்கள் சில பேர்தான். வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்ட மாணிக்கவாசகங்கள்தான் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நல்லவர்கள், படித்தவர்கள், அழகைக் கண்டால் அழத் தெரிந்தவர்கள். அப்படி அழுதுகொண்டேதான் அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டார்கள்.